பி.காம். மாணவருக்கு எதற்குப் பிரமாணம்?

வெள்ளிக்கிழமை கடைசி ஹவர். வணிகவியல், வேதியியல், கணினி அறிவியல் என்று மூன்று துறைப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்தாயிற்று. உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே பையை மூடி மடியில் வைத்திருக்கிறார்கள். பலகையில் 'தத்துவம் என்றால் என்ன?' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து முதல் கேள்வி வந்தது. "சார், இது இன்டர்னலுக்கு வருமா?"

கேள்வியில் தப்பில்லை. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரியில் படித்த யாருக்கும் இந்த அமைப்பு தெரியும். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். வேலைக்குப் போனாலும் மேல்படிப்புக்குப் போனாலும் கேட்பது இவற்றைத்தான். இதற்குப் பின்னால் பகுதி 4 என்று ஒன்று இருக்கிறது. சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, பிற துறை விருப்பப் பாடம் எல்லாம் அதில் அடக்கம். தலா இரண்டு கிரெடிட். தத்துவமும் சமயமும் பிற துறை மாணவரின் கண்ணில் படுவதானால் பெரும்பாலும் இந்த இடுக்கு வழியாகத்தான் படும். பொறியியல் கல்லூரியில் இதே இடுக்குக்கு 'உலகளாவிய மனித விழுமியங்கள்' என்று பெயர். மருத்துவக் கல்லூரியில் 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை மூன்றையும் சேர்த்து ஒரு பகுதி வைத்தார்கள்.

மதுரையில் இந்தப் படிப்புக்கே இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1966இல் தொடங்கி 1978இல் காமராசர் பெயரைப் பெற்ற பல்கலைக்கழகத்தில் காந்தியச் சிந்தனைக்கும் இராமலிங்கர் தத்துவத்துக்கும் துறை வைத்தார்கள். கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியில் தத்துவத்தில் இளங்கலைப் பட்டமே படிக்கலாம். அரசரடியில் 1969இலிருந்து தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. திருவேடகத்தில் சித்பவானந்தர் 1971இல் குருகுல முறையில் ஒரு கல்லூரியே நிறுவினார். ஆனால் அங்கெல்லாம் துறையைத் தேடி வருகிறவர்கள் வேறு. தத்துவத்தைத் தேடி ஒருநாளும் வராத பிள்ளைகளுக்கு, வாரம் இரண்டு மணிநேரத்தில், அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

அது இடுக்கில் போய் உட்கார்ந்ததற்கு ஒரு பின்கதை உண்டு. அரசியலமைப்பின் 28ஆவது உறுப்பு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதப் போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில் அப்படிப் போதனை நடந்தால், சம்மதம் இல்லாத மாணவரை அதில் உட்கார வைக்கக் கூடாது. அந்தச் சட்டம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே 1948-49இல் பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தத்துவப் பேராசிரியர், ராதாகிருஷ்ணன். எல்லாத் துறை மாணவருக்கும் முதலாண்டில் சமயப் பெரியோர் வாழ்க்கை, இரண்டாமாண்டில் பல சமய நூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகள், மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் முக்கியச் சிக்கல்கள் என்று அந்த ஆணையம் திட்டம் போட்டுக் கொடுத்தது. பெரும்பாலான கல்லூரிகளில் அது காகிதத்தோடு நின்றது. 1964-66இல் கோத்தாரி ஆணையம் இன்னும் தெளிவாக ஒரு கோடு கிழித்தது. சமயக் கல்வி வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு. முன்னது மதச்சார்பற்ற அரசின் வேலையல்ல, பின்னது அவசியம் என்றது. குருநானக் பல்கலைக்கழகம் தொடர்பான 1971 வழக்கிலும், தேசியப் பாடத்திட்டம் பற்றிய 2002 வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட அதே கோட்டின் மேல்தான் நடந்தது. ஒரு சமயத்தைப் பற்றிப் படிப்பது மதப் போதனை ஆகாது என்றது.

ஆக, சட்டம் தடுக்கவில்லை. தடுத்தது தயக்கம். எதற்கு வம்பு என்று கல்லூரிகள் விழுமியக் கல்விக்குள் ஒதுங்கிக்கொண்டன. பொய் பேசாதே, பெரியவரை மதி, நேரத்தை வீணாக்காதே. பத்தொன்பது வயதுப் பையனிடம் இதைச் சொல்லிவிட்டு, அதற்கு ஐந்து மதிப்பெண் வினாவும் வைக்கிறோம். பையன் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து 'நேர்மை' பற்றிக் குறிப்பு வரைகிறான். இதைவிட ஒரு நல்ல அங்கதத்தை நான் படித்ததில்லை.

கத்தோலிக்கக் கல்லூரிகளில் வேறு வழக்கம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு எத்திக்ஸ். சட்டப்படி பார்த்தால் கச்சிதமான ஏற்பாடு. ஆனால் மூன்று வருடம் ஒரே டிபனைப் பிரித்துத் தின்னும் இரண்டு தோழிகளுக்கு இந்த ஒரு மணிநேரம் மட்டும் இரண்டு அறை. ஒருத்தி எதை நம்புகிறாள் என்று மற்றவள் கேட்டிருக்கக்கூடிய ஒரே மணிநேரமும் அதுதான்.

இன்னொரு தப்பு உண்டு. அதைச் செய்தவன் நானே. தத்துவ முதுகலையில் படித்ததை அப்படியே சுருக்கிப் பதினைந்து வாரத்துக்குள் திணித்தேன். கிரேக்கத்தில் ஏறி ஜெர்மனியில் இறங்கி, இந்தியத் தத்துவத்தின் ஆறு தரிசனங்களை ஆறு வகுப்பில் முடித்து, பெயரும் கொள்கையுமாக நோட்ஸ் கொடுத்தேன். பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கினார்கள். அடுத்த செமஸ்டரில் வராந்தாவில் பார்த்த ஒரு மாணவனிடம், அந்த ஆறில் ஒன்றான சாங்கியம் என்றால் என்ன என்று கேட்டேன். "அது போன செம் சார்" என்றான்.

அப்புறம்தான் மணிமேகலைக்குத் திரும்பினேன். அதை எழுதியவருக்கு மரபு கொடுத்திருக்கும் பெயர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலம் என்றால் தானியம். இந்த ஊர்த் தானிய வியாபாரி ஒருவர்தான் தமிழில் பிற சமயங்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்கும் காட்சியை எழுதியிருக்கிறார். 27ஆவது காதையில் மணிமேகலை வஞ்சி நகரத்தில் வேற்றுருவில் சமயக் கணக்கர்களிடம், அதாவது சமயக் கொள்கை சொல்லும் ஆசிரியர்களிடம், ஒவ்வொருவராகப் போய், உன் கொள்கையைச் சொல் என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன் என்று வரிசை நீள்கிறது. கவனிக்க வேண்டியது, வரிசையில் முதல் ஆள் அளவைவாதி. கடவுள் உண்டா என்ற கேள்வியிலிருந்து நூல் தொடங்கவில்லை. ஒன்றை 'உண்டு' என்று சொல்ல உன்னிடம் என்ன அளவை இருக்கிறது, என்ன பிரமாணம், அதாவது அறிவதற்கு என்ன ஆதாரம், இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. காட்சி, கருதல், உவமம், ஆகமம் என்று அளவைகளை அடுக்குகிறார் அந்த ஆள்.

வணிகவியல் மாணவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தெரிந்த சிறந்த வழி வவுச்சர். "வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடலாமா?" கூடாது என்று மொத்த பெஞ்சும் சொல்லும். "ஏன் கூடாது?" இங்கேதான் பாடம் ஆரம்பம். தணிக்கையாளர் குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணினால் அது காட்சி. உற்பத்தி பாதியாகக் குறைந்த மாதத்தில் கரண்ட் பில் மட்டும் குறையவில்லை, எங்கோ கணக்கு இடிக்கிறது என்று பிடித்தால் அது கருதல், அதாவது அனுமானம். வங்கியிலிருந்து நேராக வரும் இருப்புக் கடிதத்தை ஏற்றுக்கொண்டால் அது நம்பத் தகுந்தவர் வாக்கு, பழைய மொழியில் ஆகமம். சரி, கடன்பட்டவர் தானே எழுதிக் கொடுக்கும் சீட்டைவிட வங்கிக் கடிதத்துக்கு ஏன் மதிப்பு கூடுதல்? நம்பத் தகுந்தவர் என்று யாரை, எதை வைத்து முடிவு செய்தோம்?

இந்த இடத்தில் வேதம் பிரமாணமா என்ற மிகப் பழைய சண்டையை மாணவர்களே தொடங்கிவிடுவார்கள். "யார் எழுதினதுன்னு தெரிஞ்சாத்தானே சார் நம்புறது?" என்று ஒரு பையன் கேட்டான். வேதத்தின் பக்கம் நின்று வாதாடும் தத்துவப் பள்ளியான மீமாம்சகரின் பதிலைச் சொன்னேன். எழுதியவன் ஒருவன் இருந்தால் அவன் தப்பு செய்யலாம், பொய் சொல்லலாம். எழுதியவனே இல்லை என்பதால்தான் வேதம் பிரமாணம். வகுப்பு கொஞ்சம் அசந்துபோனது. பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து, "அது கம்ப்யூட்டர் பில் மாதிரி சார். கையெழுத்து தேவையில்லைன்னு கீழ போட்டிருக்கும்" என்றாள். மீமாம்சையின் பெரிய ஆசான் குமாரில பட்டர் இதற்கு என்ன சொல்வாரோ. அடுத்த பத்து நிமிடம் அந்தக் கம்ப்யூட்டருக்கு டேட்டா போட்டது யார் என்று வகுப்பு சண்டை போட்டது. வேதத்தைப் பிரமாணமாக ஏற்காத பௌத்தர் தரப்பை யாரும் சொல்லித்தராமலே பாதிப் பேர் பேசினார்கள்.

அதே காதையின் கடைசியில் பூதவாதி வருகிறார். கண்ணால் காண்பதே பிரமாணம், அனுமானமெல்லாம் வேண்டாம் என்கிற ஆள். மணிமேகலை சிரித்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? அறிவியல் மாணவர்களிடம் இந்த வரியை வாசித்துக் காட்டும்போது யாராவது ஒருவர் "டி.என்.ஏ. டெஸ்ட்" என்பார். அதுவும் அனுமானம்தானே என்று இன்னொருவர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒரு நிமிடத்துக்கு மேல் போனதில்லை.

வேதியியல் பிள்ளைகளுக்கு 29ஆவது காதை. அங்கே மணிமேகலையின் பௌத்த ஆசான் அறவண அடிகள் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. "எங்க அடுக்களைல புகையே கிடையாது சார், கேஸ்" என்று ஒரு மாணவி சொன்னாள். நியாயம்தான். உதாரணத்தை மாற்றினோம். உப்புப் பகுப்பாய்வில் சுடரில் காட்டும்போது செங்கல் சிவப்பு வந்தால் கால்சியம் என்று எழுதுகிறார்கள் அல்லவா? ஸ்ட்ரான்ஷியமும் சிவப்புதான் காட்டும். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அப்படியானால் 'சிவப்பு வந்த இடமெல்லாம் கால்சியம்' என்ற இணைப்பு உடைந்துவிட்டது. இந்த இணைப்புக்குத்தான் வியாப்தி என்று பெயர். அது எப்போது உடையும் என்பதைச் சொல்வதுதான் போலி ஏதுக்களின், அதாவது போலிக் காரணங்களின், பட்டியல். ஆய்வகத்தில் ஏன் உறுதிப்படுத்தும் சோதனை என்று இன்னொன்று வைத்திருக்கிறார்கள் என்பது மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது என்று அவர்களே சொன்னார்கள். எனக்கும் ஸ்ட்ரான்ஷியம் பற்றி அன்றைக்குத்தான் தெரியும்.

கணினி அறிவியலுக்கு 'அபாவம்' போதும். மேசையில் பேனா இல்லை என்பதை எப்படி அறிகிறாய்? மேசை தெரிகிறது, பேனா 'இல்லாமை' எங்கே தெரிகிறது? இல்லாமையை அறிவதே தனிப் பிரமாணம் என்று குமாரில பட்டர் வழிவந்த பாட்ட மீமாம்சகர் ஒரு பக்கம், தேவையில்லை என்று மற்றவர் ஒரு பக்கம். கட்டத்தில் பூச்சியம் இருப்பதும், கட்டம் 'நல்' (null) என்று காலியாகக் கிடப்பதும் ஒன்றா என்று கேட்டால் இந்தப் பிள்ளைகள் துள்ளி எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் தினமும் பட்டு அழுகிற விஷயம் அது.

மருத்துவத்தில் சிக்கல் இன்னும் நேரடி. 1994இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவைச் சாவு என்று ஏற்றது. ஐ.சி.யூ.வில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, மானிட்டரில் இதயம் ஓடுகிறது. இவர் இறந்துவிட்டார் என்று குடும்பத்திடம் சொல்ல வேண்டும். சாவு என்றால் எது நிற்பது என்பது உடலியல் மட்டும் தீர்க்கிற கேள்வி இல்லை. உயிர், மூச்சு, உணர்வு என்று நம் மொழி மூன்று சொல் வைத்திருக்கிறது. அந்த வாசலில் நிற்கும் அம்மாவுக்கு மூன்றும் ஒன்று. அதே மாதிரி, ரமலான் மாதத்தில் நோன்பு இருக்கும் சர்க்கரை நோயாளி வருகிறார். நோன்பை விடுங்கள் என்று ஒரே வரியில் முடிக்கும் டாக்டரிடம் அவர் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார். நோயாளிக்கு இஸ்லாத்திலேயே விலக்கு உண்டு, அது ஏன் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்று தெரிந்தவர் மருந்து நேரத்தை மாற்றிப் பேச ஆரம்பிப்பார்.

இடையில் ஒரு சொல் தகராறு. பேச்சில் 'தத்துவம்' என்றால் ஆட்டோ முதுகில் எழுதியிருப்பது. "பெரிய தத்துவம் பேசாத" என்றால் வாயை மூடு என்று அர்த்தம். சைவ சித்தாந்தத்தில் தத்துவம் என்றால் நிலம் நீர் தொடங்கி மேலே போகும் முப்பத்தாறு. அங்கே அது பாடத்தின் பெயரே கிடையாது. மெய்யியல் என்ற சொல் அழகாக இருக்கிறது, மாணவர்கள் அதை உடலைப் பற்றிய பாடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெய் என்றால் உடம்பும்தானே. முதல் வகுப்பில் அரை மணிநேரம் இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டுவது வீண் என்று முன்பு நினைத்தேன். இப்போது அதையே முதல் வகுப்பாக வைத்துக்கொள்கிறேன்.

சமயத்தைப் பற்றிய பாதியை அறைக்குள் நடத்துவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நாகமலையைத் தாண்டிக் கீழக்குயில்குடிக்குப் போனால் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அங்கே நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். தென்மேற்கே செட்டிப்புடவு என்ற குகைத்தளம். உள்ளே பெரிய தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம். நீண்ட காதோடு உட்கார்ந்திருப்பவரைச் செட்டியார் என்று ஊர் எடுத்துக்கொண்டதால் அந்தப் பெயர் என்பார்கள். படி ஏறினால் பேச்சிப்பள்ளம், அங்கே ஒரு வரிசைச் சிற்பம், கீழே வட்டெழுத்து. குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்தவர்கள், குணசேனதேவரின் மாணாக்கர்கள் என்று செய்வித்தவர் பெயர்கள். 'பள்ளி' என்ற சொல்லும் 'மாணாக்கர்' என்ற சொல்லும் பாறையில் இருப்பதைக் காட்டியதும், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் கிட்டே வந்து பார்க்கிறார்கள்.

அங்கே உட்கார வைத்துத்தான் சம்பந்தர் கதையை எடுப்பேன். மதுரையில் பிறந்த பிள்ளைக்குக் கதை தெரியும். பாண்டியனின் வெப்பு நோய், அனல் வாதம், புனல் வாதம், வைகையை எதிர்த்துப் போன ஏடு திருவேடகத்தில் நின்றது, தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினார்கள். இதை என்ன செய்வது? நடந்த வரலாறு என்று சொன்னால் ஒரு பக்கம் கோபம், கட்டுக்கதை என்றால் இன்னொரு பக்கம். நான் எதையும் சொல்லாமல் நான்கு செய்திகளை மட்டும் பாறையில் வைப்பேன். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. அவருடைய பதிகங்களில் பத்தாவது பாட்டு தவறாமல் சமணரையும் பௌத்தரையும் சாடும், ஆனால் கழுவேற்றியதாக அவர் பாடவில்லை. அந்தச் செய்தியைச் சொல்பவர்கள் பிந்தி வந்த நம்பியாண்டார் நம்பியும், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரும். நாம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இந்தச் சிற்பங்கள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு.

கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் யாராவது, "அப்ப அதுக்கப்புறமும் இங்க இருந்திருக்காங்க" என்பார்கள். அதுவே கழுவேற்றம் நடக்கவில்லை என்பதற்கு ஆதாரம் ஆகுமா? ஆகாது என்று அடுத்தவர் சொல்வார். ஓரிடத்தில் கொன்றிருக்கலாம், சில பேர் மிஞ்சியிருக்கலாம். அப்படியானால் ஐந்நூறு வருடம் கழித்து இந்தக் கதையை இவ்வளவு பெரிதாகச் சொல்ல யாருக்குத் தேவை இருந்தது? வைணவக் குடும்பத்துப் பையன் ஒருவன், தாத்தா தேவாரம் ஓதும் பெண் ஒருத்தி, தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் இன்னொருத்தி, யாருடைய நம்பிக்கையையும் யாரும் தொட வேண்டியிருக்கவில்லை. சேக்கிழார் பக்தியைப் பாடுகிறார், அது அவர் வேலை. பாறை என்ன சொல்கிறது என்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூளையில் வைத்துக்கொள்ள முடிகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்த மலை ஏற்றம்.

திருப்பரங்குன்றத்துக்கும் முன்பு கூட்டிப் போவேன். குடைவரை முருகன், மேலே காசி விசுவநாதர், சிக்கந்தர் தர்கா, சமணப் படுக்கை எல்லாம் ஒரே மலையில். அந்த மலை யாருக்கு என்ற வழக்கு 1920இல் மதுரையில் தொடங்கி 1931இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இப்போது மறுபடி கோர்ட்டும் போலீஸுமாக இருப்பதால் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போக நிர்வாகம் ஒத்துக்கொள்வதில்லை. சமயம் பற்றிப் படிக்க வேண்டிய இடமும், படிக்க விடாத நேரமும் சேர்ந்தே வருகின்றன.

சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு நான் எடுப்பது ஒரு இத்தாலியப் பாதிரியார் கதை. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். காவி கட்டினார், புலால் விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். தமிழில் அவருக்குக் கிடைத்த பெயரே தத்துவ போதகர். அவரிடம் சேர்ந்தவர்கள் குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்றார்; அதெல்லாம் சமூக வழக்கம், சமய அடையாளம் இல்லை என்பது அவர் வாதம். மதுரையிலேயே அவருக்கு முன்பிருந்த சக பாதிரியார் புகார் எழுத, பல வருடம் இழுத்து, 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். ரோமாபுரியில் உட்கார்ந்துகொண்டு மதுரைக்காரரின் குடுமி சமயமா சமூகமா என்று விசாரித்திருக்கிறார்கள்!

முந்நூறு வருடம் கழித்து அதே கேள்வி வேறு வாசல் வழியாக வந்தது. 1954இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சமயத்துக்கு எது இன்றியமையாத பகுதியோ அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றது. 1972இல் தமிழ்நாட்டு அர்ச்சகர் வழக்கில், அர்ச்சகரை நியமிப்பது சமயம் சாராத செயல் என்றும், ஆனால் கோயில் வழிபாட்டு நூலான ஆகமம் சொல்லும் தகுதி சமயம் சார்ந்தது என்றும் பிரித்தது. எது இன்றியமையாதது என்று நீதிபதி எந்தப் பிரமாணத்தை வைத்துச் சொல்கிறார்? நூலையா, வழக்கத்தையா, நம்புகிறவர் வாக்கையா? நொபிலி பிரித்த கோடு சாதியைக் காப்பாற்றவும் பயன்பட்டது என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். 'சமூக வழக்கம்தான்' என்று சொல்லிவிட்டால் பூணூலும் தப்பிக்கிறது, தீண்டாமையும் தப்பிக்கப் பார்க்கிறது. 1939இல் வைத்தியநாத ஐயர் மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரை அழைத்துப் போனபோது எதிர்த்தவர்கள் அதைச் சமய விஷயம் என்றார்கள். ஆதரித்தவர்களும் சமயத்தைத்தான் பேசினார்கள்.

இதையெல்லாம் யார் நடத்துவது என்பது சங்கடமான கேள்வி. தத்துவத் துறை இல்லாத கல்லூரிகளில் பகுதி 4 ஹவர் என்பது, வேலைப்பளு குறைவாக இருக்கும் ஆசிரியருக்குக் கால அட்டவணையை நிரப்பக் கொடுப்பது. தமிழாசிரியர் குறளை எடுப்பார், வரலாற்று ஆசிரியர் சீர்திருத்தவாதிகளை எடுப்பார். என்னைக் கேட்டால் அது பெரிய குறை இல்லை. தணிக்கை நடத்துகிற வணிகவியல் ஆசிரியர் ஒருவரும் நானும் ஒரு வருடம் சேர்ந்து வகுப்பெடுத்தோம். என் பதினைந்து வருட வகுப்பில் அதுதான் உருப்படி. அடுத்த வருடம் இரண்டு பேருக்கு ஒரு ஹவரை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பதில் இல்லை. நின்றுபோனது.

தேர்வில் நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் அருணந்தி சிவாசாரியார் முதலில் பரபக்கம் எழுதுகிறார். உலகாயதம் தொடங்கிப் பிறர் கொள்கையைச் சொல்லி மறுத்த பிறகுதான் சுபக்கத்துக்கு, தன் கொள்கைக்கு வருகிறார். அவர் வீழ்த்துவதற்காகத்தான் எழுதினார், சரி. ஆனாலும் எதிராளிக்கு முதல் பக்கம் கொடுத்தார். அதனால் இன்டர்னலுக்கு இப்படிக் கேட்கிறேன்: நீங்கள் ஏற்காத ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நம்புகிறவர் படித்துவிட்டு 'ஆமாம், இதைத்தான் நான் சொல்கிறேன்' என்று ஒத்துக்கொள்ளும்படி மூன்று பக்கம் எழுதுங்கள். மறுப்பு எழுதினால் மார்க் இல்லை.

இரண்டு வருடம் முன்பு பி.காம். மாணவி ஒருத்தி ராகுகாலத்தை எடுத்துக்கொண்டாள். அவள் அப்பா கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை புதுச் சரக்குக்குப் பணம் கொடுக்க மாட்டார். அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை, வீட்டில் தினம் சண்டை. மூன்று பக்கம் எழுதி, ஒத்துக்கொள்கிறாரா பார்ப்போம் என்று நிஜமாகவே அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். பேப்பர் என்னிடம் வந்தபோது இரண்டு இடத்தில் பச்சை மையில் திருத்தம். 'ராகுகாலத்தில் பணம் கொடுத்தால் நஷ்டம் வரும் என்று நம்புகிறார்' என்று அவள் எழுதிய வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: 'நஷ்டம் வரும் என்று இல்லை. வாங்குகிறவனும் பார்க்கிறான். நாம் மட்டும் பார்க்காமல் நீட்டினால் அவன் மனசு கோணும். நாளைக்குக் கடன் கேட்டால் யோசிப்பான்.' இரண்டாவது, 'அப்பா பழைய காலத்து ஆள் என்பதால்' என்று தொடங்கும் வாக்கியம். அது முழுக்க அடிபட்டிருந்தது, விளக்கம் எதுவும் இல்லை. கடைசியில் 'மேற்கண்டது என் கருத்துதான்' என்று ஒரு வரி, கையெழுத்து, கீழே கடையின் ரப்பர் ஸ்டாம்ப்.

பத்துக்கு எட்டு போட்டேன். அவர் திருத்திய இடங்களுக்குத்தான் தலா ஒரு மார்க் போனது.